ஷாக் அடித்தால் 'ட்ரிப்' ஆகணும்: உங்கள் வீட்டு ஆர்சிசிபி வேலை செய்கிறதா, 'டைரக்ட்' செய்யப்பட்டிருக்கிறதா?

குளியலறைக் குழாயைத் திறக்கும்போது விரல் நுனியில் லேசாக ஒரு 'சுர்'. முதல் நாள் மனப்பிரமை என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாளும் அதே சுர். மூன்றாம் நாள் ரூம்மேட் கேட்டான்: "மச்சான், குழாயைத் தொட்டா உனக்கும் ஏதாச்சும் ஆகுதா?"

மாதவரம் பால்பண்ணைக்குப் பக்கத்தில், நான்கு போர்ஷன் உள்ள வீட்டில் மாடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். கீசர் சுவிட்சை அணைத்துவிட்டுக் குழாயில் டெஸ்டரை வைத்தார், எரியவில்லை. சுவிட்சைப் போட்டதும் டெஸ்டர் மங்கலாக எரிந்தது. கீசரின் காயில் உள்ளே வெடித்து, கரன்ட் தண்ணீர் வழியாகக் குழாய்வரை வந்துகொண்டிருந்தது. "இது எப்படிண்ணே ட்ரிப் ஆகாம இருந்துச்சு?" என்று கேட்டதும், என்னைப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் மீட்டர் பெட்டிக்குக் கூட்டிப் போனார்.

பெட்டியில் ஆர்சிசிபி இருந்தது. நல்ல கம்பெனி, பார்த்தால் புதுசு மாதிரியே இருந்தது. ஆனால் மெயின் ஒயர் அதன் வழியாகப் போகவில்லை. பக்கத்திலேயே ஒரு துண்டு ஒயர் போட்டு, அதைத் தாண்டி நேராக இணைத்திருந்தார்கள். "சும்மா சும்மா விழுதுன்னு ஓனர் சொல்லியிருப்பாரு தம்பி. யாரோ டைரக்ட் பண்ணிட்டுப் போயிருக்காங்க."

இந்த 'டைரக்ட் பண்றது' பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஷாக் பாதுகாப்பு என்றாலே "ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள்" என்று முடித்துவிடுகிறோம். நம் வீடுகளில் உயிரைக் காப்பாற்றும் கருவி பல இடங்களில் ஏற்கெனவே பெட்டிக்குள் இருக்கிறது. தொந்தரவாக இருக்கிறது என்று அதன் வாயைக் கட்டி வைத்திருக்கிறோம்.

தெருவில் நடந்தது நினைவிருக்கிறது

மாதவரம், மூலக்கடை, கொடுங்கையூர் பக்கம் இருப்பவர்களிடம் மழைக்காலத்தில் கரன்ட் என்ற பேச்சை எடுத்தால் 2017 நவம்பர் 1-ஆம் தேதிதான் வரும். அன்று கொடுங்கையூர் ஆர்.ஆர். நகரில், மழைநீரில் கிடந்த மின் கம்பி தாக்கி, விளையாடிக்கொண்டிருந்த இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். மின்வாரியத்தினர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், விசாரணை நடந்தது. அதன்பின் பல வீடுகளில் இன்றுவரை மழை பெய்தால் பிள்ளைகளைப் பில்லர் பாக்ஸ் பக்கம் விடுவதில்லை.

2025 ஏப்ரலில் அரும்பாக்கம் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தேங்கிய தண்ணீரில் கால் வைத்த பள்ளிச் சிறுவன் துடித்து விழுகிறான். பைக்கை நிறுத்திவிட்டு ஓடிவந்த இளைஞர் ஒருவர் அவனை இழுத்துக் காப்பாற்றுகிறார். நாடே பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் கண்ணகி நகரில் விடியற்காலையில் வேலைக்கு வந்த தூய்மைப் பணியாளர் ஒருவர், தேங்கிய மழைநீரில் பாய்ந்த மின்சாரத்தால் இறந்துபோனார்.

இவை தெருவில் நடந்தவை. அங்கே பொறுப்பு மின்வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் வீட்டில் எவ்வளவு விலை உயர்ந்த ஆர்சிசிபி இருந்தாலும் தெருவில் தேங்கிய தண்ணீரில் பாயும் கரன்டை அது நிறுத்தாது. அது தனக்குப் பின்னால் இருக்கும் வயரிங்கை மட்டும்தான் கவனிக்கும்.

ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சமீப ஆண்டு அறிக்கைகளைப் பார்த்தால், மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் இந்தியாவில் ஆண்டுக்கு 12,000-க்கும் மேல். தெருவில் நடந்தால் சிசிடிவி இருக்கும், வீடியோ வைரலாகும். வாஷிங் மெஷின் பக்கத்தில், மோட்டார் சுவிட்சில், ஹீட்டர் ராடு போட்ட பக்கெட்டில் நடப்பது 'பெண் பலி' என்று மாவட்டப் பக்கத்தில் நான்கு வரிச் செய்தியாக முடிந்துவிடும். டெஸ்க்கில் உட்கார்ந்து அந்த நான்கு வரியை நானே பலமுறை எழுதியிருக்கிறேன்.

எம்சிபி இருக்கே, அது போதாதா?

போதாது. இந்த ஒரு குழப்பம் தீர்ந்தாலே பாதி வேலை முடிந்தது.

எம்சிபி என்பது வயருக்கான காவலாளி. 16 ஆம்பியர் எம்சிபி என்றால், 16 ஆம்பியருக்கு மேல் கரன்ட் போனால், அல்லது ஷார்ட் சர்க்யூட் ஆனால், வயர் சூடாகித் தீப்பிடிக்கும் முன் அது விழும். இப்போது மனித உடம்பை எடுத்துக்கொள்வோம். ஒரு கையில் நுழைந்து இன்னொரு கை அல்லது கால் வழியாக வெளியேறும் கரன்டுக்கு உடம்பு தரும் தடை, தோல் ஈரமாக இருந்தால், தோராயமாக 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர்.

பழைய 60 வாட் குண்டு பல்பு இழுப்பது 260 மில்லி ஆம்பியர். ஆக, ஒருவர் கரன்ட் பாய்ந்து உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது, எம்சிபியின் கண்ணுக்கு அது ஒரு குண்டு பல்பு எரிவது போலத்தான். அது எதற்காக விழப்போகிறது?

அந்த 230 மில்லி ஆம்பியர் இதயத் துடிப்பைக் குலைத்துவிடப் போதும், நேரம் மட்டும் கிடைத்தால். அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே இன்னொரு ஆபத்து தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்ஜியல், தன்னார்வலர்களை வைத்து இதை அளந்து பார்த்தவர். பிடித்த பொருளைத் தானாக விட முடியாமல் போகும் அளவு, சராசரியாக ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று அவர் கண்டார். 'கரன்ட் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அது இதுதான். கரன்ட் இழுப்பதில்லை, கையின் தசைகள் இறுகிவிடுகின்றன, விரலைப் பிரிக்க முடிவதில்லை.

ஆர்சிசிபி என்ன செய்கிறது?

கணக்கு பார்க்கிறது, அவ்வளவுதான். பேஸ் வழியாக வீட்டுக்குள் எவ்வளவு கரன்ட் போனதோ, அவ்வளவும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வர வேண்டும். ஆர்சிசிபிக்குள் ஒரு வளையம் இருக்கிறது. இரண்டு ஒயரும் அதன் வழியாகப் போகின்றன. போனதும் வந்ததும் சமமாக இருந்தால் ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடும், வளையத்தில் எதுவும் நடக்காது. 5 ஆம்பியர் போய் 4.97 ஆம்பியர்தான் திரும்பியது என்றால், மீதி 0.03 ஆம்பியர் வேறெங்கோ வழி தேடிப் போயிருக்கிறது. அந்த 'வேறெங்கோ' ஈரச் சுவராக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். யார் என்று அது விசாரிப்பதில்லை. லைனை வெட்டிவிடும்.

வீடுகளுக்கானது 30 மில்லி ஆம்பியர் வகை. அந்த அளவு கசிந்தால் அதிகபட்சம் 0.3 விநாடிக்குள் விழ வேண்டும். ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 விநாடிக்குள் விழ வேண்டும் என்பது தர நிர்ணயம். ஷாக்கே அடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். அடிக்கும், அதுவும் முழு வேகத்தில் அடிக்கும். உடம்பில் பாயும் கரன்டின் அளவை ஆர்சிசிபி குறைப்பதில்லை, நேரத்தைத்தான் குறைக்கிறது. ஒரு இதயத் துடிப்பு முடிவதற்குள் கதையை முடித்துவிடுகிறது.

இந்த யோசனையை 30 மில்லி ஆம்பியர் மாதிரியான நுண்ணிய அளவுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர், 1950-களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வேலை செய்த ஹென்றி ரூபின். 1961-இல் டால்ஜியல் அமெரிக்காவில் தன் கருவியைச் செய்தார். அமெரிக்காவில் இது பிளக் பாயின்ட்டிலேயே இருக்கும். குளியலறை, சமையலறைப் பாயின்ட்டுகளில் 'டெஸ்ட்', 'ரீசெட்' என்று இரண்டு குட்டி பட்டன்களை ஹாலிவுட் படங்களில் கவனித்திருப்பீர்கள். அது 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே விழும். நம் ஊரில் வீடு முழுக்க ஒன்று, 30 மில்லி ஆம்பியர், மெயின் பெட்டியில். அதனால்தான் நம் ஊரில் அது விழுந்தால் மொத்த வீடும் இருட்டாகிறது, எல்லாருக்கும் கோபம் வருகிறது.

ஒரு பலவீனமும் உண்டு. பேஸை ஒரு கையிலும் நியூட்ரலை இன்னொரு கையிலும் நீங்கள் தொட்டு, காலில் நல்ல ரப்பர் செருப்பும் இருந்தால், போனது முழுசாகத் திரும்பிவிடும். அப்போது ஆர்சிசிபிக்கு நீங்களும் ஒரு மிக்சி மாதிரிதான்.

அப்புறம் ஏன் டைரக்ட் பண்றாங்க?

எலெக்ட்ரீஷியனையும் ஓனரையும் திட்டிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் வடசென்னையின் வாடகை வீடுகளை உள்ளே போய்ப் பார்த்தால், டைரக்ட் செய்வதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மின் இணைப்பு, நான்கு போர்ஷன், நான்கு சப்-மீட்டர். மெயினில் ஒரே ஒரு ஆர்சிசிபி. கீழ் போர்ஷன் அக்காவின் பழைய கிரைண்டரில் லேசாகக் கசிவு இருந்தால், மாவு ஆட்டும் ஒவ்வொரு முறையும் நான்கு வீட்டுக்கும் கரன்ட் போகும். மாடியில் ஒருவர் வொர்க் ஃப்ரம் ஹோம், நடுவில் ஒருவர் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறார். ஓனருக்கு நான்கு போன் வரும். இரண்டாவது வாரம் ஓனர் எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போடுவார்: "அதை எடுத்து விட்ரு." இருநூறு ரூபாயில் வேலை முடிந்தது. கசிவு எங்கே என்று தேட அரை நாள் ஆகும், அதற்கு யார் கூலி கொடுப்பது?

இரண்டாவது காரணம் நியூட்ரல். கூடுதலாக ஒரு அறை கட்டும்போது, இன்வெர்ட்டர் வைக்கும்போது, பக்கத்தில் கிடைத்த ஏதோ ஒரு நியூட்ரலில் ஒயரை மாட்டிவிடுவது நம் ஊர் வழக்கம். பல்பு எரிந்துவிடும், ஆனால் ஆர்சிசிபியின் கணக்கு உதைக்கும். அது வழியாகப் போன கரன்ட் வேறொரு நியூட்ரல் வழியாகத் திரும்பினால், கசிவு என்றே அது எடுத்துக்கொள்ளும். நியூட்ரலும் எர்த்தும் எங்காவது தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே தொல்லைதான். இங்கே குற்றவாளி வயரிங், பழி ஆர்சிசிபி மேல்.

மூன்றாவது, எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது. கம்ப்யூட்டர், டிவி, இன்வெர்ட்டர் ஏசி, எல்இடி விளக்குகள் ஒவ்வொன்றும் நல்ல நிலையிலேயே ஓரிரு மில்லி ஆம்பியரை எர்த்துக்கு விடும். கூடவே கடலோரக் காற்று. திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் உரிந்துவிடும். மொட்டை மாடி மோட்டாரின் டெர்மினல் மட்டும் தப்புமா? மழைக்காலத்தில் சுவர் ஓதம் சேரும்போது எல்லாம் கூடி 30-ஐத் தொட்டுவிடும். இதற்குத் தீர்வு எளிது: ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்று ஆர்சிசிபி போட்டு லைனைப் பிரிப்பது. குறைந்தபட்சம் போர்ஷனுக்கு ஒன்று.

அடிக்கடி விழுகிறது என்றால் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எல்லா எம்சிபியையும் இறக்கி, எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொரு எம்சிபியாக, ஒவ்வொரு பிளக்காகப் போட்டு வாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அங்கேதான் விஷயம். பெரும்பாலும் கீசர், மோட்டார், பழைய ஃப்ரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், கிரைண்டர் இவற்றில் ஒன்றாக இருக்கும். எதைப் போட்டாலும், எதையும் போடாவிட்டாலும் விழுகிறது என்றால் வயரிங் பிரச்சினை. அதற்குமேல் நீங்கள் கை வைக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிமுறைகளிலேயே கசிவுப் பாதுகாப்புக் கருவி கட்டாயம். ஆனால் 5 கிலோவாட்டுக்குக் குறைவான சிறு இணைப்புகளுக்கு விலக்கு இருந்தது. யோசித்துப் பாருங்கள், 5 கிலோவாட்டுக்குக் குறைவாக இணைப்பு வைத்திருப்பவர் யார்? ஒரு ஃபேன், இரண்டு லைட், ஒரு மிக்சி, தகர ஷீட் கூரை, மூன்றாவது பின் உடைந்த பிளக். ஷாக் அடிக்க வாய்ப்பு அதிகமுள்ள வீட்டுக்கு விலக்கு, நல்ல வயரிங் உள்ள பெரிய வீட்டுக்குப் பாதுகாப்பு! பின்னர் அந்த வரம்பு 2 கிலோவாட்டாகக் குறைக்கப்பட்டது.

தமிழ்நாட்டில், மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2023-இல் மின் பகிர்மான விதித்தொகுப்பைத் திருத்தி ஆர்சிடி எனப்படும் இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர். நல்ல முடிவு. ஆனால் புது இணைப்பு வாங்கும் நாளில் பெட்டிக்குள் ஒரு கருவி இருப்பதும், மூன்றாவது மழைக்காலத்தில் அது உயிரோடு இருப்பதும் வேறு வேறு. எங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கும் எவரும் 'ஆர்சிசிபி உள்ளது' என்றுதான் எழுதிவிட்டுப் போவார்கள்.

மின்வாரிய ஊழியர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க அதே பெட்டி முன்னால்தான் வந்து நிற்கிறார். ஸ்மார்ட் மீட்டர் வந்தால் அந்த வருகையும் நின்றுவிடும். அதற்கு முன், வருடத்துக்கு ஒருமுறையாவது, வீட்டுக்காரரை வைத்து டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லி, வேலை செய்கிறதா இல்லையா என்று கார்டில் ஒரு டிக் போடுவதை மின் பகிர்மானக் கழகம் ஏன் யோசிக்கக் கூடாது? கணக்கெடுக்கும் ஊழியர்களுக்கு ஏற்கெனவே வேலைப்பளு அதிகம் என்று தெரியும். ஆனாலும் ஒரு வீட்டுக்கு அரை நிமிட வேலை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை இலவசமாகத் தரும் அரசு, அந்த 100 யூனிட் யாரையும் கொல்லாமல் வீட்டுக்குள் போகிறதா என்று பார்ப்பதற்கும் கொஞ்சம் செலவழிக்கலாம். ஒரு குடிசைக்கோ ஒற்றை அறை வீட்டுக்கோ இந்தக் கருவியை மானியத்தில் கொடுத்தால் கஜானா காலியாகிவிடாது.

சரி, இன்றைக்கு நான் என்ன செய்ய?

பெட்டியைத் திறங்கள், கவரைக் கழற்ற வேண்டாம், கதவை மட்டும். எம்சிபியைவிட அகலமாக, 'டெஸ்ட்' அல்லது 'டி' என்று குட்டி பட்டனோடு ஒன்று இருக்கிறதா? அதன்மேல் 30 மில்லி ஆம்பியர் என்றோ 0.03 ஆம்பியர் என்றோ இருக்கிறதா? 100, 300 என்று இருந்தால் அது தீ விபத்தைத் தடுப்பதற்கானது, ஆளைக் காப்பாற்றுவதற்கு அல்ல. பட்டனே இல்லை என்றால் உங்களிடம் ஆர்சிசிபி இல்லை.

லேப்டாப் வேலையைச் சேமித்துவிட்டு, கரன்ட் இருக்கும்போது அந்தப் பட்டனை அழுத்துங்கள். லீவர் விழுந்து வீடும் இருட்டானால் நல்லது, மேலே ஏற்றிவிட்டுத் தூங்கப் போகலாம். அழுத்தியும் விழவில்லை என்றால், கருவி செத்துவிட்டது அல்லது அதற்கு இணைப்பே இல்லை. லீவர் விழுகிறது, ஆனால் உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால்? அதுதான் டைரக்ட். எங்கள் வீட்டில் நடந்தது அது. ரூம்மேட் மேலேயிருந்து "லைட் எரியுது மச்சான்" என்று கத்தியபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு வருடமாக அந்தக் குளியலறையில் குளித்திருக்கிறோம்.

புதிதாக வாங்கினால் வீட்டுக்கான இரண்டு போல் ஆர்சிசிபி சுமார் 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கும். ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். இன்வெர்ட்டர் ஏசி, புது வாஷிங் மெஷின் இருந்தால் 'ஏ' டைப் கேளுங்கள். மலிவாகக் கிடைப்பது 'ஏசி' டைப், இப்படிப்பட்ட மின்னணுக் கருவிகளின் கசிவைச் சில நேரம் அது கவனிக்காது. பெயரில் 'ஏசி' என்று இருப்பதால் ஏசிக்கானது என்று கடைக்காரரே சொல்லக்கூடும், நம்பாதீர்கள்.

எர்த்திங் இல்லாவிட்டாலும் ஆர்சிசிபி வேலை செய்யும். ஆனால் எர்த் சரியாக இருந்தால், கீசர் பழுதான அந்த நொடியே கசிவு எர்த் ஒயரில் இறங்கி, நீங்கள் தொடும் முன்பே லைன் விழுந்துவிடும். எர்த் இல்லை என்றால் நீங்கள் தொட்ட பிறகுதான் விழும். முதல் கசிவை உங்கள் உடம்பில் சோதிக்க வேண்டுமா என்பதுதான் வித்தியாசம். எங்கள் கீசர் பாயின்ட்டின் மேல் துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. பிளக்கின் மூன்றாவது பின் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பது ஏன் தெரியுமா? உள்ளே போகும்போது முதலில் எர்த் தொட வேண்டும், வெளியே வரும்போது கடைசியாக விட வேண்டும். அதை உடைத்துவிட்டு டூ-பின் பாயின்ட்டில் செருகுகிறோம்.

இன்வெர்ட்டர் இருக்கிறதா? அப்படியென்றால் இதைத் தனியாகக் கவனியுங்கள். கரன்ட் போய் பேட்டரியில் ஓடும்போது, அந்த மின்சாரம் பிறப்பதே இன்வெர்ட்டரில்தான். மெயினில் இருக்கும் ஆர்சிசிபி வழியாக அது வருவதில்லை. அதன் கண்ணில் படாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. கரன்ட் கட் ஆகிவிட்டது, இனி பயமில்லை என்று பலரும் தண்ணீரில் நடந்தார்கள். ஹாலில் ஃபேன் சுற்றுகிறது என்றால் சுவிட்ச்போர்டில் 230 வோல்ட் இருக்கிறது என்று அர்த்தம், அது எங்கிருந்து வந்தாலும். தண்ணீர் வரும் என்று தெரிந்தால் மெயினை இறக்குவதோடு இன்வெர்ட்டரையும் அணையுங்கள். அணைக்க முடியாதபடி தண்ணீர் ஏறிவிட்டால் கிட்டே போகாதீர்கள். மின்னகம் எண் 94987 94987-க்குப் போன் செய்து அந்தப் பகுதி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் லைனுக்குத் தனிப் பாதுகாப்பு எப்படித் தருவது என்பது உங்கள் இன்வெர்ட்டரைப் பொறுத்தது, விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்துக்கொண்டிருந்தால் ஓடிப்போய்க் கையைப் பிடிக்காதீர்கள். முதலில் மெயினை இறக்குங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டை, பிளாஸ்டிக் நாற்காலி எதையாவது வைத்துத் தள்ளுங்கள். மூச்சு இல்லை என்றால் உடனே நெஞ்சழுத்தம், 108. மண்ணில் புதைப்பது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் வேண்டாம்.

இன்னும் ஒன்று. துணி காயப்போடும் ஜிஐ கம்பியை சர்வீஸ் ஒயர் வரும் குழாயிலோ கம்பத்திலோ கட்டியிருக்கிறீர்களா? இன்றே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள்.

வாடகைக்கு இருந்தால்?

இதுதான் கஷ்டமான கேள்வி. வீடு மாறும்போது தண்ணீர் வருமா, பைக் நிறுத்த இடம் இருக்கா, அசைவம் சமைக்கலாமா என்று கேட்கிறோம். டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கலாமா என்று நான் எந்த வீட்டிலும் கேட்டதில்லை. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடிக்கும் ஊரில், 2,000 ரூபாய்க் கருவியை யார் வாங்குவது என்பது பெரிய பஞ்சாயத்தாகிவிடுகிறது. என் கருத்து: அது ஓனரின் செலவு. கூரை ஒழுகினால் யார் சரி செய்ய வேண்டுமோ அவர்தான் இதையும் செய்ய வேண்டும். அக்ரிமென்ட்டில் ஒரே ஒரு வரி, 'வேலை செய்யும் ஆர்சிசிபியுடன்' என்று எழுதிக் கேளுங்கள். ஓனர் முறைத்தால் பரவாயில்லை.

எங்கள் ஓனர் அங்கிள் முதலில், "பத்து வருஷமா இப்படித்தாம்பா இருக்கு, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். தொடவில்லை. கீசரை அவர் மாற்றிக் கொடுத்தார், எர்த் ஒயரும் இழுத்தாயிற்று. எங்கள் போர்ஷனுக்குத் தனி ஆர்சிசிபி, பாதிப் பணம் அவர், பாதி நாங்கள். போட்ட முதல் வாரத்திலேயே மூன்று முறை விழுந்தது. தேடிப் பார்த்ததில் ரூம்மேட்டின் அயர்ன் பாக்ஸ், அதன் ஒயர் கைப்பிடிக்குள் உரிந்திருந்தது.

கீழே மெயினில் அந்தத் துண்டு ஒயர் இன்னும் அப்படியே இருக்கிறது. மற்ற மூன்று போர்ஷனுக்கும் தனித்தனியாகப் போட்ட பிறகு எடுக்கலாம் என்கிறார் அங்கிள். கிரைண்டர் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "எனக்கும் அப்பப்ப ஷாக் அடிக்கும்பா, செருப்பு போட்டுக்கிட்டு ஆட்டுவேன்" என்றார். இந்த ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியன் அண்ணன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.